கண்ணை மூடினால் விமானம் இல்லை

மைதானத்தைவிட்டு வெளியேறி நஞ்சன்கூடு சாலையோரமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஓனரும் இன்னும் சிலரும் புல்லுக்குள் குனிந்து விமானத்தின் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்க மனமில்லை. பஸ் நிற்கும் இடம்வரை போய்விட்டால் போதும் என்று நடந்தேன்.

சாலையோரத்தில் இளநீர் விற்ற பெண் அரிவாளை நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தாள்.

"அண்ணா, இன்னொந்து சப்பலி எல்லி?" என்றாள். இன்னொரு செருப்பு எங்கே என்று கேட்கிறாள்.

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்கால். மதிய வெயிலில் தார் இளகிக் கிடந்தது.

"ஹகலல்லே குடிதித்தீரா?" என்று சிரித்தாள். பட்டப்பகலிலேயே குடித்திருக்கிறீர்களா என்று அதற்குப் பொருள்.

வந்த வழியே திரும்பி நடந்தேன். செருப்பு மைதானத்து வாசலருகே கிடந்தது. அவ்வளவு தூரமும் வெறுங்காலோடு வந்திருக்கிறேன். உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். முள் ஒன்று முழுதாக ஏறி, உள்ளே ஒடிந்திருந்தது. வலிக்கவில்லை. வலிக்காததுதான் பயமாக இருந்தது.

கை கால் மரத்துப்போய், இதை யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வைத்தியம் தெரிந்தவன் அல்ல. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தைவிட்டவன். கர்நாடக எல்லையில் ராமாபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்து, திருப்பூரில் பனியன் கம்பெனி, குடகில் காப்பித் தோட்டம், ஹூப்ளியில் ஓட்டல் என்று சுற்றினேன். எங்கேயும் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியதில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் போக வேண்டும் என்று தோன்றும், போய்விடுவேன். என்னிடம் சர்டிபிகேட் கிடையாது. கையைக் காட்டித்தான் எல்லா இடத்திலும் வேலை வாங்கியிருக்கிறேன்.

மைசூருக்கு அக்கா வீட்டுக்கு வந்தபோதுதான் அந்த விமான வேலை கிடைத்தது. ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானங்கள் பெட்டியில் துண்டு துண்டாக வரும். அதைக் கிட் என்பார்கள். கம்பெனி அதிகாரிகளும் கல்லூரிப் பிள்ளைகளும் ஆசையாக வாங்குவார்கள். உட்கார்ந்து கோக்கப் பொறுமை இருக்காது. பெட்டியை அப்படியே எங்கள் ஓனரிடம் கொண்டுவந்துவிடுவார்கள். கோத்து, பறக்கவைத்துக் காட்டி, திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தக்கைபோல எடையே இல்லாத பல்சா மரத் தகடுகள். அவற்றிலிருந்து விலா எலும்புபோன்ற துண்டுகளை உடையாமல் பிரித்தெடுத்து, சட்டத்தில் வரிசையாக நிறுத்தி ஒட்டினால் இறக்கை. உடம்பில் மோட்டார், வாலில் அசையும் மடல்கள், அவற்றை இழுக்க ஊசிபோன்ற கம்பிகள். எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் இடத்தில், கிளம்ப வேண்டும் என்ற நினைப்பே வராமல் இருந்தேன்.

அன்று மைதானத்தில் விழுந்தது நான் கோத்த விமானம். வால் மடலை இழுக்கும் கம்பியின் நுனியில் ஒரு சின்ன கிளிப் இருக்கும். அதை அழுத்தினால் சொடுக்கென்று பூட்டிக்கொள்ளும். அந்தச் சொடுக்கு காதில் கேட்காது, விரலில்தான் தெரியும். பூட்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மேலே போனதும் கம்பி கழன்று, விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கியது.

"ஏன் குரு இது? கிளிப் போட்டியா இல்லையா?" என்று ஓனர் கத்தினார். மைசூர்ப் பக்கம் தெரிந்தவரையெல்லாம் குரு என்றுதான் கூப்பிடுவார்கள்.

போட்டேன் என்றேன். அது பொய்யில்லை. ஆனால் நடந்து வரும்போது யோசித்தேன். பூட்டிக்கொண்டது விரலில் தெரிந்ததா? சில வாரங்களாகவே எதுவும் தெரிந்ததா? சட்டைப் பொத்தான், தீக்குச்சி, பஸ்ஸில் கொடுக்கும் சில்லறை. எல்லாவற்றையும் கையில் உறை போட்டுக்கொண்டு தொடுவதுபோலத்தான் தொட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா வீட்டுக்கு எதிர்த் தெருவில் இருந்த கிளினிக்கில் சத்துக் குறைவு என்று சொல்லி ஊசி போட்டு, மாத்திரை கொடுத்தார்கள். தின்றேன். குறையவில்லை. மரப்பு கணுக்காலுக்கு ஏறியது.

ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா வாசல் கதவைத் திறந்துவைத்து வெளிச்சத்தில் நிறுத்தினாள்.

"சட்டையக் கழட்டுடா."

"எதுக்குக்கா?"

"கழட்டுன்னா கழட்டு. பெரிய மாப்பிள்ள, வெக்கம் வேற."

முதுகு, தோள், இடுப்பு என்று கையால் தடவித் தடவிப் பார்த்தாள். தேமல்மாதிரி எங்காவது வெளுத்திருக்கிறதா என்று தேடினாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தொழுநோய் என்ற வார்த்தையை இருவரும் சொல்லவில்லை. அவள் கை முதுகில் பட்டது எனக்கு நன்றாகத் தெரிந்தது. முதுகுக்கு உணர்வு இருக்கிறதே என்று அந்த நேரத்தில் சந்தோஷப்பட்டேன்.

"ஒண்ணுமில்ல" என்றாள். பிறகு, "நாளைக்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வா. எனக்கு லீவு குடுக்க மாட்டாங்க. சரியாச் சொல்லோணும், என்ன?" என்றாள்.

சரியாகச் சொல்ல வேண்டும் என்று அவள் சொன்னது, நான் சரியாகச் சொல்லாமல் விட்டது, இரண்டும் இன்றும் நினைவில் இருக்கின்றன.

எங்கள் பக்கத்தில் தமிழ் வார்த்தைக்குக் கன்னட வால் ஒட்டிப் பேசிவிடுவோம். பெரும்பாலும் எதிராளிக்குப் புரிந்துவிடும். அந்த ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். முகத்தில் தூக்கமில்லை. எனக்குப் பின்னால் பெரிய வரிசை. என்ன தொந்தரவு என்று கன்னடத்தில் கேட்டார்.

"கை மர்த்தோகுத்தே சார்" என்றேன். கை மரத்துப்போகிறது என்பதைத்தான் அப்படிச் சொன்னேன்.

அவர் நிமிர்ந்தார். "மர்த்தோகுத்தா? எப்போது?"

"வேலை செய்யும்போது சார். ஒரு பொருளைக் கையில் எடுப்பேன், மர்த்தோகுத்தே."

"வீட்டில் இருக்கும்போது?"

"எப்போதும்தான் சார். இப்போது நடக்கும்போதுகூட."

கன்னடத்தில் மர்த்தோகுத்தே என்றால் மறந்துபோகிறது என்று பொருள். எனக்கு அது தெரியாததில்லை. கடையில், பஸ்ஸில், எத்தனையோ முறை நானே அந்தப் பொருளில் சொல்லியிருக்கிறேன். பயத்தில் இருக்கிறவன் வாயில் முதலில் வருவது வீட்டுப் பேச்சு. மரத்துப்போவதற்குக் கன்னடத்தில் ஜோமு என்ற சொல் இருக்கிறது. ஆனால் ஜோமு எனக்கு, சம்மணம் போட்டு உட்கார்ந்து எழும்போது காலில் எறும்பு ஊர்வது. உதறினால் போய்விடும். என்னுடையது போகாதது. அதனால் அந்தச் சொல் வாயில் வரவில்லை.

டாக்டர் இன்று என்ன கிழமை என்று கேட்டார். சொன்னேன். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, பிறகு கேட்பேன் என்றார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். தொண்ணூற்று மூன்றுவரை வந்தேன். அதற்குப் பிறகு விரல்விட்டு எண்ணி, தப்பி, மறுபடி தொடங்கி, வியர்த்துவிட்டது. பள்ளிக்கூடத்திலும் இதே கணக்கில்தான் அடி வாங்கினேன். மரத்த கைக்கு ஏன் கழித்தல் கணக்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டதற்குப் பதில் சொல்லித்தான் பழக்கம்.

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். தலைக்கு எம்.ஆர்.ஐ. (காந்தத்தைக் கொண்டு உடம்புக்குள் படமெடுப்பது) எடுக்க வேண்டும், தேதி கிடைக்கக் காத்திருக்க வேண்டும் என்றார்.

"தலையிலயா சார் பிரச்சினை?"

"பார்க்கலாம்" என்றார்.

அந்த ஒரு சொல்லோடு வெளியே வந்தேன். கை காலில் தொடங்கிய நோய் மூளைக்குப் போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன். அதன்பிறகு உண்மையிலேயே மறக்கத் தொடங்கினேன். சாவியை எங்கே வைத்தேன், கதவைப் பூட்டினேனா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். பயம் இருக்கிறவனுக்கு எது நோய், எது பயம் என்று பிரித்துப் பார்க்க வராது.

தேதிக்குக் காத்திருந்த நாள்களிலும் வேலைக்குப் போனேன். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. விமானம் உடைந்தபோது ஓனர் இரண்டு நாள்தான் பேசாமல் இருந்தார். இப்போது ஒரு கல்லூரிப் போட்டிக்கு வந்த பெரிய கிட்டை என் மேசையில் வைத்தார். இறக்கை என் உயரத்தைவிட நீளம்.

"இத நீதான் முடிக்கணும் மாதேசா. வேற யாரும் தொட வேண்டாம்."

அவருக்குத் தமிழும் வரும். அந்த நம்பிக்கை எனக்கு மருந்தைவிடப் பெரிதாக இருந்தது. என் கை சரியாகத்தான் இருக்கிறது என்று காட்டிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

அந்த இறக்கைக்குள்ளே நுரைத் தகடு, மேலே பல்சா உறை. இரண்டையும் செருப்புத் தைக்கிறவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் ரப்பர் பசையால் ஒட்டுவோம். இரண்டு பக்கமும் தடவி, காயவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். ஒருமுறை ஒட்டினால் பிரிக்க முடியாது. அதனால் சரியாகக் காய்ந்ததா என்பதுதான் சூட்சுமம். விரலால் தொட்டுப் பார்த்தால் தடம் விழும். நான் குனிந்து மோந்து பார்ப்பேன். வாடை கூர்மையாக ஏறினால் இன்னும் காயவில்லை. மந்தமாக இருந்தால் ஒட்டலாம். என் மூக்கு தப்பியதே இல்லை. ஓனர் வாடிக்கையாளர்களிடம் அதைப் பெருமையாகச் சொல்வார். காற்றில் பல்சாத் தகடு பறந்து முனை முறியும் என்பதால் ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தோம். மின்விசிறி போட மாட்டோம்.

கோத்து முடித்த விமானத்தின் எடை நடுவில் நிற்கிறதா என்று பார்க்க ஒரு முறை உண்டு. இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல் நுனிகளை இறக்கைக்கு அடியில் கொடுத்து, விமானத்தைத் தூக்க வேண்டும். மூக்கு தாழ்ந்தால் முன்பக்கம் கனம். வால் தாழ்ந்தால் பின்பக்கம் கனம்.

தூக்கினேன். நேராக நின்றது. அழகாக இருந்தது. ஆனால் விரலில் எடையே இல்லை. மனதில் ஏதோ தோன்ற, கண்ணை மூடினேன்.

கண்ணை மூடினால் விமானம் இல்லை. இரண்டு கைகளையும் வெறுமனே நீட்டிக்கொண்டு நிற்கிறேன். கண்ணைத் திறந்தால் இருக்கிறது. மூடினால் இல்லை. மறுபடி மூடியபோது அது சாய்ந்து மேசையில் இடித்தது. சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. ஓனர் உள்ளே வருவதற்குள் எடுத்து நிறுத்திவிட்டேன்.  

ஸ்கேன் முடிந்து மறுபடி டாக்டரைப் பார்க்கப் போன அன்று, வேலையிடத்தில் சண்டை போட்டு லீவு வாங்கிக்கொண்டு அக்காவும் வந்தாள். டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூளையில் ஒன்றுமில்லை. சுத்தமாக இருக்கிறது" என்றார். "மறதி சில சமயம் மனக்கவலையால் வரும். மனநல டாக்டருக்கு எழுதித் தருகிறேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள்.

"மறதியா? யாருக்கு?"

"இவருக்குத்தான்."

"இவனுக்கா மறதி? எட்டு வயசுல நான் அடிச்சத இன்னிக்கி வரைக்கும் சொல்லிக்காட்டுறான்!" இதைத் தமிழில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினாள். "நீ என்னடா சொன்ன இவருகிட்ட?"

"கை மர்த்தோகுத்தேன்னு சொன்னேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ சார்! மரெவு அல்ல சார், ஜோமு! கை ஜோமு ஹிடிதிதெ! காலும் ஜோமு!"

டாக்டர் ஒரு நொடி விழித்தார். பிறகு சிரித்துவிட்டார். கதவோரம் நின்ற நர்சும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. மூளை கெட்டுவிட்டது என்று இத்தனை நாள் இருந்த பயம் ஒரே மூச்சில் இறங்கிற்று.

டாக்டர் சிரித்தபடியே ரப்பர் சுத்தியலை எடுத்து என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் துள்ள வேண்டும். துள்ளவில்லை. இன்னொரு முறை தட்டினார். கணுக்காலுக்குப் பின்னால் தட்டினார். அதிரும் இரும்புக் கவை ஒன்றைக் கால் பெருவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்றார். எதுவும் தெரியவில்லை. அவர் சிரிப்பு நின்றது. தன் நாற்காலியை இழுத்து என் அருகில் போட்டு உட்கார்ந்தார்.

"நான் இதை அன்றைக்கே செய்திருக்க வேண்டும்" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னிடம் அப்படிச் சொன்ன முதல் படித்தவர் அவர்தான். ஆனால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். சொல் தடுமாறினால் சொல்லை நம்பாதீர்கள். இங்கே தொட்டால் தெரியவில்லை, இந்தக் காலில் செருப்பு கழன்றது தெரியவில்லை என்று தொட்டுக் காட்டுங்கள். முள் ஏறிய காலை அன்று நான் தூக்கிக் காட்டியிருந்தால் போதும்.

அங்கிருந்து நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்கள். வயதான அம்மா. முதலில் நரம்பில் லேசாக மின்சாரம் விட்டு, அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் சோதனை நடந்தது. சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. அக்கா தேடிய அதே தேமலை இவர்களும் தேடினார்கள், இல்லை.

"தமிழ்லயே சொல்லுப்பா, நனக்கு அர்த்த ஆகுத்தே" என்றார் அந்த டாக்டரம்மா, தனக்குப் புரியும் என்று. "குடிப்பியா?"

"இல்லீங்க."

"எல்லாரும் இல்லீங்கன்னுதான் சொல்றாங்க. என்ன வேலை?"

"விமானம் கோக்கிற வேலைங்க."

"ஏர்போர்ட்லயா?"

"இல்லீங்க, பொம்மை விமானம். ரிமோட்ல பறக்கிறது."

"எதுல ஒட்டுவே?"

பசையைச் சொன்னேன். ஜன்னல் உண்டா என்றார். பலகை அடித்ததைச் சொன்னேன்.

"காய்ஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?"

"மோந்து பார்ப்பேனுங்க."

அவர் பேனா நின்றது. "இன்னொரு தடவை சொல்லு."

பெருமைப்பட்ட ஒன்றைத் தலைகுனிந்து சொல்வது எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். குனிந்து, மூக்கை இறக்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். பக்கத்தில் இருந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பசையை இளக்கமாக வைத்திருக்க ஒரு திரவம் கலந்திருக்கும், அது காற்றில் ஆவியாகும்போதுதான் பசை காய்கிறது, அந்த ஆவியை மூடிய அறையில் தினமும் இழுத்தால் நரம்பைக் கெடுக்கும் என்று விளக்கினார். பெரிஃபெரல் நியூரோபதி (மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே, கை கால்களுக்குப் போகும் நரம்புகள் கெட்டுப்போவது) என்பது அதன் பெயர். நீளமான நரம்பு முதலில் கெடும். அதனால்தான் பாதத்தில் தொடங்கி, பிறகு விரலுக்கு வந்திருக்கிறது.

"இதுக்கு மருந்துன்னு தனியா கிடையாது. அந்த வாடை இருக்கிற பக்கமே போகக்கூடாது, அதான் மருந்து. இன்னொண்ணு கேளு. நிறுத்தின பிறகும் கொஞ்ச நாள் அதிகமாகும். மோசமாகுதேன்னு பயந்து ஓடி வராதே. அது அப்படித்தான். அப்புறம் நிக்கும். அப்புறம் திரும்பும்."

"முழுசா திரும்புமுங்களா?" என்றாள் அக்கா.

"வரும். முழுசா வரும்னு நான் எழுதித் தர மாட்டேன்மா."

இதே நோயில் இருக்கிறவர்களுக்காக நான் எழுத நினைத்தது முக்கியமாக அந்த இடைப்பட்ட காலத்தைத்தான். தப்பு எது என்று தெரிந்துவிட்டது. விட்டும் விட்டோம். ஆனாலும் கூடிக்கொண்டே போகிறது. அக்கா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதம் தொங்கத் தொடங்கிற்று (நடக்கும்போது முன்பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் தட்டுவது). கணுக்காலுக்கு ஒரு பட்டை கொடுத்தார்கள். பொத்தான் போட முடியாது. சோற்றைப் பிசைந்தால் எவ்வளவு எடுத்தேன் என்று தெரியாது, பாதி கீழே விழும். ஸ்பூன் வாங்கித் தந்தார்கள். அதுவும் பிடியில் நிற்காததால் அக்காவின் வீட்டுக்காரர் அதன் காம்பில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுத்தார்.

"டாக்டரம்மா பொய் சொல்லியிருந்தா?" என்று ஒரு நாள் அக்காவிடம் கேட்டேன். "நிக்கும்னு சொன்னாங்க. நிக்கலியே."

"அதிகமாகும்னு சொன்னாங்கல்ல? ஆச்சுல்ல? அப்ப அது உண்மைதானே? அது உண்மைன்னா மத்ததும் உண்மைதான். தின்னு."

அவள் நியாயம் சரியா என்று எனக்குத் தெரியாது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த நாள்களைத் தள்ளினேன். எங்கும் நிற்காத கால்கள் என்னுடையவை. இப்போது கழிப்பறைக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஓர் ஊரைவிட்டுப் போய்விடலாம் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் இரண்டாவது சட்டைபோல இருந்தது. அதைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டார்கள்.

நின்றது. எந்த நாளில் நின்றது என்று சொல்ல முடியாது. ஒரு நாள் யோசித்தபோது, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் வித்தியாசமில்லை என்று தெரிந்தது. பிறகு வலி வந்தது. தொடையில் இருந்து கீழே, ஊசி ஊசியாக. நான் அழுதேன். டாக்டரம்மாவிடம் போனபோது அவர் சிரித்தார். "வலிக்குதா? ஒள்ளேது" என்றார். நல்லது என்கிறார். நரம்பு நகம் வளர்வதுபோல மெல்லத்தான் வளரும், தினமும் பார்த்தால் தெரியாது என்றார்.

சுவரைப் பிடிக்காமல் நடக்க வந்ததும் நான் முதலில் போனது விமானப் பட்டறைக்கு. உள்ளே போகாமல் வாசலில் நின்று கூப்பிட்டேன். ஓனர் வந்தார். ஒரு நாள்கூட வந்து பார்க்கவில்லை என்ற சங்கடம் அவர் முகத்தில் இருந்தது. நான் பசையைப் பற்றிச் சொன்னேன்.

"அதே ரூம்லதான் நானும் இருந்தேன் குரு. எனக்கு ஒண்ணும் ஆகலியே?"

"நீங்க மோந்து பாக்கலியே சார்."

அவர் செருப்பைக் கழற்றி, ஒரு கால் விரலால் இன்னொரு காலை அழுத்திப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். பிறகு உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்துவந்து, ஜன்னல் பலகையில் இருந்த ஆணிகளைப் பிடுங்கத் தொடங்கினார்.

"பசைய மாத்திடறேன். விசிறி போடறேன். வந்துடு. நீ இல்லாம கிட் எல்லாம் அப்படியே கிடக்கு" என்றார், முகத்தைத் திருப்பாமல்.

திறந்த ஜன்னல் வழியாக மேசை தெரிந்தது. பாதி கோத்த இறக்கை ஒன்று கிடந்தது. யாரோ விலா எலும்புகளைக் கோணலாக ஒட்டியிருந்தார்கள். கை பரபரத்தது என்று எழுதத் தோன்றுகிறது. கை பரபரக்கவில்லை. மனம்தான் பரபரத்தது. கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"அடுத்த வாரம் டாக்டரம்மாகிட்ட போறேன். கேட்டுட்டு வரேன் சார்" என்றேன்.

டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். மணிக்கட்டில் தெரிந்தது. உள்ளங்கையில் தெரிந்தது. விரல்களின் அடிக்கணுவரை தெரிந்தது. நுனியில் தெரியவில்லை.

"தொட்டீங்களா?" என்றேன்.

"தொட்டுக்கிட்டே இருக்கேன்" என்றார்.

இனி நான் வேலைக்குப் போகலாம் என்றார். பட்டறையைப் பற்றிக் கேட்டேன். ஜன்னல் திறந்தாலும், பசை மாறினாலும் பரவாயில்லையா என்று. அவர் என் விரல்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பேடாப்பா, வேண்டாம். மறுபடி அடி வாங்கினா இந்த நரம்பு திரும்பாது. காத்து இருக்கிற இடத்துல வேலை பாரு."

வெளியே வந்து ஓனருக்குப் போன் செய்து சொன்னேன். "சரி குரு" என்றார். 

மறுநாள் காலை, அக்கா வீட்டுக்குப் பின் தெருவில் ஊதுவத்தி உருட்டும் ஒரு முற்றத்துக்குப் போனேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மூங்கில் குச்சியில் கரிமாவை உருட்டிக்கொண்டிருந்தார்கள். வத்திகளை வெயிலில் பரப்பிக் காயவைத்து, காய்ந்ததை அள்ளிக் கட்ட ஓர் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். மேற்பார்வை பார்த்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை ஊர்களில் எத்தனையோ வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஒரு கேள்வி கேட்டுச் சேர்ந்தது அதுதான் முதல் முறை.

"வாசனை எங்கக்கா போடுவீங்க?"

"அது இங்க இல்ல. வேற எடத்துல. இங்க கரியும் பிசினும்தான். ஏன், வாசனை புடிக்காதா? வந்துட்டாரு மகாராசா."

சேர்ந்தேன். வத்திக் கட்டை ஒரு முறுக்கு முறுக்கித் தரையில் வைத்தால் விசிறிபோல விரிய வேண்டும். முதலில் சரிந்தது. கண்ணை அதிலேயே வைத்துச் செய்ததும் வந்தது. இப்போது என் கையை நான் எல்லா நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்வையை எடுத்தால் அது என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. அடுத்தவர் பிள்ளையைக் கூட்டத்தில் கூட்டிப் போகிறவன்போல அதைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. அதனால் எந்த வேலையும் மெதுவாகத்தான் நடக்கிறது. முன்பெல்லாம் ஒரு வேலையில் இருக்கும்போதே மனம் அடுத்த ஊருக்குப் போய்விடும். இப்போது போக முடியவில்லை.

வெயில் ஏறியதும், முதலில் பரப்பியதைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் அள்ளு என்று அந்தப் பெண் குரல் கொடுத்தாள். குந்தி உட்கார்ந்து தொட்டேன். விரல் நுனி ஒன்றும் சொல்லவில்லை. ஈரமா, காய்ந்ததா தெரியவில்லை. எல்லோரும் பார்ப்பதுபோல இருந்தது. ஒரு வத்தியை எடுத்துக் கன்னத்தில் வைத்து அழுத்தினேன்.

"ஏனப்பா, ஊதுவத்திக்கு முத்தம் குடுக்கறியா?" என்று ஒருத்தி கேட்க, வரிசை முழுவதும் சிரித்தது.

"மூஞ்சியப் பாருங்கடி, கரி!" என்றாள் இன்னொருத்தி.

கன்னத்தில் ஈரமாக, குளிர்ச்சியாக ஒரு கோடு தெரிந்தது.

"இன்னும் காயலக்கா" என்று சொல்லிவிட்டு, அதை வெயில் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.